முதியோர் மனச்சோர்வில் மீட்சியை அளத்தல்: தமிழ் வினாநிரல்களின் மொழியியல் சிக்கல்கள்

1. முன்னுரை

மனச்சோர்வு நோய்க்கு ஆட்பட்ட முதியவர் ஒருவர் மருத்துவத்துக்குப் பின் தேறியிருக்கிறாரா என்பதைக் குருதியைச் சோதித்தோ ஊடுகதிர்ப் படம் எடுத்தோ அறிய இயலாது. அவரிடம் வினாக்கள் கேட்டு, விடைகளுக்கு எண் மதிப்பு அளித்து, அந்த எண்ணை முன்னர்ப் பெற்ற எண்ணோடு ஒப்பிட்டே அறிய வேண்டியுள்ளது. ஆகவே இத்துறையில் அளவுக்கருவி என்பது பெரும்பாலும் மொழியே. கருவியின் பிழை மொழியின் பிழையாகவும், மொழிபெயர்ப்பாளரின் பிழை மருத்துவரின் பிழையாகவும் முடியக்கூடும்.

கட்டுரையாளரின் கவனம் இச்சிக்கலின்பால் திரும்பியதற்கு ஒரு சிறு நிகழ்ச்சி காரணமாயிற்று. புணே நகரின் கோர்படிப் பகுதியில் வாழும் தமிழ் மூதாட்டி ஒருவர்க்கு உதவியாக, மொழிபெயர்த்துச் சொல்லும் பொருட்டுக் கட்டுரையாளர் ஒரு மருத்துவரிடம் செல்ல நேர்ந்தது. அது மருத்துவம் தொடங்கிய பின் நிகழ்ந்த இரண்டாம் சந்திப்பு. மருத்துவர் இந்தியில் கேட்டதைத் தமிழில் கேட்டபோது மூதாட்டி, 'நல்லாத்தான் இருக்கேன்' என்றார். கட்டுரையாளர் அதனை 'டீக் ஹை' என்று பெயர்த்தார். தாளில் சுழியம் இடப்பட்டது. வீடு திரும்பும் வழியில் அம்மூதாட்டி, 'மருமக பக்கத்துல உட்கார்ந்திருக்கா. வேற என்ன சொல்றது?' என்றார். அவர் முன்பே உண்மையைச் சொல்லியிருந்தார். 'தான்' என்னும் இடைச்சொல்லில் அதனை வைத்திருந்தார். மொழியியல் பயின்ற ஒருவரே அதனைத் தவறவிட்டார் என்பது ஒப்புக்கொள்ளத்தக்கது. பின்னர் மருத்துவரிடம் இது தெரிவிக்கப்பட்டு, வினாக்கள் மீண்டும் கேட்கப்பட்டன.

நோயைக் கண்டறிவதற்குப் போதுமான மொழிபெயர்ப்பு, மீட்சியை அளப்பதற்குப் போதுமானதன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து. கண்டறிதல் ஒருமுறை நிகழும் செயல். மீட்சியோ இரு காலங்களுக்கு இடைப்பட்ட வேறுபாடு. அவ்வேறுபாடு நோயாளரின் மனத்தில் நிகழ்ந்ததா, வினாவின் சொற்களில் நிகழ்ந்ததா என்பதைப் பிரித்தறிய இயலவில்லை எனில் அளவு பொருளற்றதாகும்.

2. மீட்சியின் அளவை வரையறை

மருத்துவ இலக்கியத்தில் 'தேறுதல்' என்பது ஒரே கருத்தன்று. 1991இல் எலன் ஃபிராங்க்கும் அவர்தம் குழுவினரும் இணக்கம், தணிவு, மீட்சி, மறுவீழ்ச்சி, புதுத்தாக்கம் என்று தமிழில் சொல்லத்தக்க ஐந்து நிலைகளை வேறுபடுத்தினர். மருந்துக்கோ உரையாடல் சிகிச்சைக்கோ நோய் இணங்குவது இணக்கம். அறிகுறிகள் ஏறத்தாழ நீங்கிய நிலை தணிவு. அத்தணிவு போதிய காலம் நீடித்தால் அது மீட்சி. மீட்சிக்கு முன் பழைய நோயே திரும்புவது மறுவீழ்ச்சி. மீட்சிக்குப் பின் புதிதாக வருவது புதுத்தாக்கம். நடைமுறையில், மதிப்பெண் முதல் அளவின் பாதியாகக் குறைந்தால் இணக்கம் என்றும், குறிப்பிட்ட எல்லைக்குக் கீழ் வந்தால் தணிவு என்றும் கொள்கின்றனர். 1960இல் ஹாமில்டன் அமைத்த அளவுகோலின் 17 கூறு வடிவத்தில் 7 அல்லது அதற்குக் குறைவு தணிவெனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. குரோங்கே, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் ஆகியோர் 2001இல் வெளியிட்ட பி.எச்.க்யூ.-9 வினாநிரலில் மொத்தம் 27. அதில் 5க்குக் குறைவு தணிவாகும்.

இவ்வெல்லைகள் எளிய எண்களாகத் தோன்றினும் இவற்றின்மேல் பெரிய முடிவுகள் எழுப்பப்படுகின்றன. 60 வயதுக்கு மேற்பட்ட 1,801 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நிகழ்ந்து 2002இல் வெளியான 'இம்பாக்ட்' ஆய்வில், ஓராண்டு முடிவில் அறிகுறிகள் பாதியாகக் குறைந்தோர் கூட்டுப் பராமரிப்புப் பெற்ற குழுவில் 45 விழுக்காடு. வழக்கமான மருத்துவம் பெற்றோரில் 19 விழுக்காடு. கோவாவில் 60 வயதுக்கு மேற்பட்டோரிடம், நோயாக முற்றாத நிலையிலேயே மனச்சோர்வைத் தடுக்க முயன்ற ஆய்வு ஒன்று 2019இல் வெளியாயிற்று. பயிற்சி பெற்ற பொதுமக்களே அதில் ஆலோசகர்களாக இருந்தனர். ஓராண்டில் ஆலோசனை பெற்ற 91 பேரில் நால்வர்க்கும், ஒப்பீட்டுக் குழுவின் 90 பேரில் 13 பேர்க்கும் நோய் முற்றியது. இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு ஒன்பது மனிதர்கள். இத்தகைய சிறிய எண்களை ஆளும் ஆய்வுகளில், ஒரு வினாவின் சொல்லமைப்பால் மூவர் நால்வர் இடம் மாறினாலும் முடிவின் உறுதி தளரும் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

மாற்றத்தை அளப்பதற்கென்றே உருவான கருவியும் உண்டு. மான்ட்கோமரி, ஆஸ்பெர்க் ஆகியோர் 1979இல் வெளியிட்ட அளவுகோல், 54 ஆங்கில நோயாளரையும் 52 சுவீடிய நோயாளரையும் 65 கூறுகள் கொண்ட நெடும்பட்டியலால் மதிப்பிட்டு அமைந்தது. சிகிச்சையின்போது மிகுதியாக மாறிய 10 கூறுகளே இறுதியில் எடுத்துக்கொள்ளப்பட்டன. மொழிபெயர்ப்பாளர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. அக்கருவி ஒரு மொழியில் பிறந்து மற்றொன்றுக்குப் பெயர்ந்ததன்று. தொடக்கத்திலேயே இருமொழி நோயாளரைக் கொண்டு தேர்ந்தெடுக்கப்பட்டது. தமிழில் நம்மிடம் உள்ள வினாநிரல்கள் பெரும்பாலும் பெயர்க்கப்பட்டவையே.

முதியோர்க்கெனவே அமைந்தது யெசவேஜும் பிறரும் 1982-83இல் வெளியிட்ட முதியோர் மனச்சோர்வு அளவுகோல். 100 வினாக்களிலிருந்து 30 தேர்ந்தெடுக்கப்பட்டன. 1986இல் 15 வினாக்கள் கொண்ட சுருக்க வடிவம் வந்தது. உறக்கக்குறைவு, பசியின்மை, உடல் அசதி ஆகியன முதுமையிலேயே இயல்பாக வரக்கூடியவை ஆதலின் இக்கருவி உடல்சார் வினாக்களைத் தவிர்த்து, ஆம்-இல்லை என்னும் இரு விடைகளை மட்டும் ஏற்கிறது. பல்லபகட் பகுதியின் ஊரக முதியோரிடம் இதன் இந்தி வடிவம் ஆராயப்பட்டு 1999இல் வெளியாயிற்று. 15 வினாத் தமிழ் வடிவத்தின் ஏற்புடைமை பற்றிய ஆய்வு புதுச்சேரியிலிருந்து 2015இல் வெளிவந்தது. ஏற்புடைமை ஆய்வுகள் பொதுவாக, கருவியின் விடை மருத்துவரின் கணிப்போடு ஒரு காலப்புள்ளியில் ஒத்துவருகிறதா என்று காண்பவை. இரு காலப்புள்ளிகளுக்கு இடையே கருவி மாறாதிருக்கிறதா என்பது வேறு வினா. அவ்வினாவே நமக்கு உரியது.

3. மீட்சியைக் குறிக்கும் சொற்கள்

நோயின் பெயரிலேயே சிக்கல் தொடங்குகிறது. 'மன அழுத்தம்' என்னும் தொடர் செய்தித்தாள்களிலும் ஊடகங்களிலும் புறநெருக்கடியால் வரும் இறுக்கத்துக்கும் மனச்சோர்வு நோய்க்கும் ஒருசேர ஆளப்படுகிறது. 'மனச்சோர்வு', 'மனத்தளர்ச்சி' ஆகியன நோயைக் குறிப்பினும் முதியோர் நாவில் அரிதாகவே வருகின்றன. அவர்கள் கூறுவன வேறு: 'மனசு சரியில்லை', 'எதுலயும் பிடிப்பு இல்லை', 'நெஞ்சு பாரமா இருக்கு', 'ஒரே யோசனை', 'மனசு விட்டுப்போச்சு'. முதியோர் அளவுகோல் உடல்சார் வினாக்களைத் தவிர்த்தது அறிவுடைய செயலே. ஆயினும் நெஞ்சின் பாரத்தையே மனத்தின் துயராக மொழியும் ஒரு சமுதாயத்தில், உடலை விலக்கும் வினாநிரல் துயரின் ஒரு பகுதியையும் விலக்கிவிடக்கூடும்.

நோயின் பெயரைக் காட்டிலும் மீட்சியின் வினைகள் நுட்பமானவை. தமிழில் உடல் தேறும், நோய் குணமாகும், புண் ஆறும், மயக்கம் தெளியும், இழந்தது மீளும். 'தேறு' என்பது படிப்படியான வலுப்பெறுதலைக் காட்டுவது. ஒரு மாதம் படுத்தவர் தேறி வருகிறார் என்கிறோம். 'குணமாகு' முடிந்த நிலையைக் காட்டுவது. நோய் இனி இல்லை என்னும் உட்கோள் உடையது. ஆகவே 'குணமாகிவிட்டதா?' என்று கேட்டால், பாதி தேறிய முதியவர் 'இல்லை' என்பார், 'தேறியிருக்கிறீர்களா?' என்றால் அவரே 'ஆமாம்' என்பார். இரண்டும் உண்மையான விடைகள். முதற்சந்திப்பில் ஒரு வினையும் மறுசந்திப்பில் மற்றொரு வினையும் ஆளப்பட்டால், நோயாளர் மாறாமலே விடை மாறும்.

'ஆறு' என்னும் வினை தனித்துக் கருதத்தக்கது. 'மனசு ஆறிச்சா?' என்பது அன்போடு கேட்கப்படும் இயல்பான வினா. எனினும் அது துயருக்கு ஒரு காயத்தை, ஓர் இழப்பை முற்கோளாக்குகிறது. கணவரை இழந்த மூதாட்டியிடம் இதனைக் கேட்டால் அவர் 'அது எப்படி ஆறும்?' என்றே சொல்வார். ஆறிவிட்டது என்று சொல்வது இறந்தவர்க்குச் செய்யும் குறையாக அவர்க்குத் தோன்றும். அவர் உறங்குகிறார், உண்கிறார், பேரப்பிள்ளையோடு சிரிக்கிறார்; மருத்துவ வரையறையின்படி தணிவு எய்திவிட்டார். ஆனால் வினைச்சொல்லின் தேர்வு அவரை நோயாளராகவே வைத்திருக்கிறது. துக்கமும் நோயும் வேறு என்பதைக் காக்கும் பொறுப்பு இங்கே மொழிபெயர்ப்பாளரிடம் வந்து சேர்கிறது.

4. வினாவின் இலக்கணம்

4.1 எதிர்மறை வினா

பின்வரும் உரையாடலைக் காண்க.

(1) வினா: வாழ்க்கையில் பிடிப்பு இல்லையா?
விடை அ: ஆமாம்.
விடை ஆ: இல்லை.
விடை இ: இருக்கு.

விடை (அ) பிடிப்பு இல்லை என்று ஒப்புவது. விடை (இ) பிடிப்பு உண்டு என்று உறுதியாகச் சொல்வது. விடை (ஆ) இருபொருள் தருவது. 'பிடிப்பு இல்லை' என்று வினாவின் பயனிலையையே எதிரொலிப்பதாகவும் கொள்ளலாம். 'நீங்கள் சொல்வது போல் இல்லை' என்று மறுப்பதாகவும் கொள்ளலாம். தமிழில் 'இல்லை' இன்மையையும் மறுப்பையும் ஒரே வடிவத்தால் குறிப்பதே இதற்குக் காரணம். 15 வினா வடிவத்தில் 10 வினாக்களுக்கு 'ஆம்' என்பதும் 5 வினாக்களுக்கு 'இல்லை' என்பதும் நோய்ப்பக்க விடையாகும். அந்த ஐந்தும் மூலத்தில் நேர்பொருள் வினாக்கள். மொழிபெயர்ப்பில் அவற்றுள் ஒன்றோ பேட்டியின்போது மற்றொன்றோ எதிர்மறை வடிவம் பெறுமாயின் மதிப்பெண்ணின் திசையே தலைகீழாகும். 'ஆம்' 'இல்லை' என்பதற்கு மாறாக 'இருக்கு' 'இல்லை' என்று பயனிலையையே விடையாகப் பெறுவது தமிழ் இயல்புக்கு ஏற்றது, ஐயமும் அகலும்.

4.2 காலமும் வழக்கமும்

மீட்சியை அளக்கும் வினா, குறித்த ஒரு காலப்பகுதியைப் பற்றியதாக இருத்தல் வேண்டும். முதியோர் அளவுகோல் ஒரு வாரத்தையும் பி.எச்.க்யூ.-9 இரு வாரங்களையும் எல்லையாகக் கொள்கின்றன. இங்கே தமிழின் வினைவடிவங்கள் கவனத்துக்குரியவை.

(2) தூக்கம் வருவதில்லை.
(3) தூக்கம் வரவில்லை.

(2) வழக்கத்தைக் குறிப்பது. (3) குறித்த காலத்தில் நிகழாமையைக் குறிப்பது. 'உங்களுக்குத் தூக்கம் வருவதில்லையா?' என்று கேட்டால், முப்பது ஆண்டுகளாகக் குறை உறக்கம் உள்ள முதியவர் நோய் முன்பும் பின்பும் ஒரே விடையைத் தருவார். ஏனெனில் வினா அவருடைய இயல்பைக் கேட்டதேயன்றி இவ்வாரத்து நிலையைக் கேட்கவில்லை. நிகழ்கால வடிவமும் இத்தகையதே. 'அழுகிறீர்களா?' என்பது தமிழில் இப்பொழுது நிகழ்வதையும் வழக்கமாக நிகழ்வதையும் குறிக்கும். வழக்கத்தைக் கேட்கும் வினாவில் மாற்றம் தோன்ற இடமில்லை. ஆகவே மீட்சி வினாக்களில் 'போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இன்றுவரை' போன்ற எல்லையும் இறந்தகால வடிவமும் இணைந்து வருதல் வேண்டும்.

காலத்தைக் குறிக்கும் உருபும் பொருளை மாற்றும். 'இரண்டு வாரமாக' என்பது தொடர்ச்சியைச் சுட்டுவது. 'இந்த இரண்டு வாரத்தில்' என்பது அப்பகுதிக்குள் எப்பொழுதேனும் நிகழ்ந்ததைச் சுட்டுவது. முதல் வடிவத்தில் கேட்டுவிட்டு, 'சில நாள்' என்பதை விடையாகத் தேர்ந்தெடுக்கச் சொல்வது பொருளளவில் முரணானது. தொடர்ந்து இல்லாத துன்பத்தை முதியவர் இல்லை என்றே சொல்லிவிடுவார்.

4.3 அளவுச் சொற்கள்

பி.எச்.க்யூ.-9 ஒவ்வோர் அறிகுறிக்கும் நான்கு படிகளைத் தருகிறது. அறவே இல்லை என்பது 0. இறுதிப்படி, ஏறத்தாழ நாள்தோறும் என்பது 3. பாதி நாட்களுக்கு மேல் என்பது 2. மதிப்பெண் 1 பெறும் படியில் ஆங்கிலம் 'செவரல்' என்னும் சொல்லை ஆள்கிறது. அதற்குத் தமிழ் 'சில'வா, 'பல'வா? அகராதிகள் இரண்டுக்கும் இடந்தரும். 'பல நாள்' என்று பெயர்த்தால் அது அடுத்த படியாகிய பாதிக்கு மேல் என்பதோடு உராயும். 'சில நாள்' என்றால் ஒன்றிரண்டு நாள்களும் அதில் அடங்கும்.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டலாம். மூன்று அறிகுறிகளில், பதினான்கு நாள்களில் நான்கு நாள்கள் துன்புற்ற ஒருவர் 'சில நாள்' என்னும் படியை ஏற்பார், மும்மதிப்பெண் பெறுவார். மறுசந்திப்பில் வேறொரு பேட்டியாளர் அதே படியைப் 'பல நாள்' என்று சொன்னால், 'பல நாளெல்லாம் இல்லை' என்று சொல்லிச் சுழியத்துக்கு இறங்குவார். துன்பம் அதே நான்கு நாள்கள். மதிப்பெண் மூன்று குறைந்தது. இவ்வினாநிரலில் ஐந்து மதிப்பெண் மாற்றம் மருத்துவப் பொருளுடையதாகக் கொள்ளப்படுகிறது. அவ்வைந்தில் மூன்றைத் தமிழின் இரு சொற்கள் வழங்கிவிடுகின்றன. மீள்பெயர்ப்பு முறை இப்பிழையைக் காட்டித் தராது. 'சில', 'பல' ஆகிய இரண்டையும் ஆங்கிலத்துக்குத் திருப்பும் மொழிபெயர்ப்பாளர் மூலச்சொல்லையே எழுதக்கூடும், ஒப்பிடுவோர் நிறைவடைவர்.

4.4 அனுபவிப்போர் வேற்றுமை

(4) எனக்குக் கவலையாக இருக்கிறது.
(5) நான் கவலைப்படுகிறேன்.

(4)இல் அனுபவிப்போர் நான்காம் வேற்றுமை ஏற்கின்றார். கவலை அவர்பால் வந்துற்ற நிலை. (5)இல் எழுவாயாக நிற்கின்றார். கவலை அவர் செய்யும் செயல் போலாகிறது. 'கவலைப்படாதீர்கள்' என்று ஏவல் மறுப்பு அமைவதும், (4)ஐ அவ்வாறு ஏவலாக்க இயலாமையும் இவ்வேறுபாட்டை மெய்ப்பிக்கும். 'கவலைப்படுகிறீர்களா?' என்னும் வினாவில், படக்கூடாததைப் படுகிறீர்கள் என்னும் குறிப்புத் தொனிக்கலாம்; முதியவர் தம்மைக் காத்துக்கொள்ள 'அதெல்லாம் இல்லை' என்பார். நிலையைக் கேட்க (4)இன் வடிவமே பொருந்தும். எதைத் தேர்ந்தாலும் இரு சந்திப்பிலும் அதுவே ஆளப்படுதல் இன்றியமையாதது.

5. விடையின் இலக்கணம்

நலம் உசாவும் வினாவுக்குத் தமிழர் தரும் விடைகளை நோக்குவோம்.

(6) நல்லா இருக்கேன்.
(7) நல்லாத்தான் இருக்கேன்.
(8) ஏதோ இருக்கேன்.
(9) பரவாயில்லை.
(10) இப்போ பரவாயில்லை.

இவை ஐந்தும் இருவிடை வினாநிரலில் ஒரே கட்டத்தில் விழக்கூடியவை. மொழியில் இவை ஐந்து இடங்கள். (7)இல் வரும் 'தான்' தேற்றப்பொருள் உடையதாயினும், 'நல்லா' என்பதோடு சேரும்போது ஓர் எதிர்வாதத்தை எதிர்நோக்கி நிற்கிறது. 'எனக்கு நோய் என்று யார் சொன்னது?' என்னும் மறுப்பாகவும் இருக்கலாம். 'நல்லாத்தான் இருக்கேன், ஆனால்...' என்று நிறைவுறாத தொடராகவும் இருக்கலாம். தொடரின் இறுதியில் குரல் இறங்கி முடிகிறதா, ஏறித் தொங்குகிறதா என்பதே இரண்டையும் பிரிக்கும். எழுத்தில் அது மறைந்துவிடும்.

'பரவாயில்லை' என்பது 'பரவா' என்னும் பாரசீகக் கடன்சொல்லோடு 'இல்லை' சேர்ந்து தமிழில் வேரூன்றியது. பொருட்படுத்த வேண்டியதில்லை என்பது முதற்பொருள். குறைசொல்வதற்கில்லை என்பது அடுத்தது. முன்னைக்கு இப்பொழுது மேல் என்பது மூன்றாவது. (9) இம்மூன்றில் எதுவுமாகலாம். (10)இல் 'இப்போ' என்னும் சொல் முன்னைய நிலையை உட்கொணர்ந்து ஒப்பீட்டுப் பொருளை நிலைநாட்டுகிறது. மீட்சியை அளப்போர்க்கு (10) மிக மதிப்புடைய விடை. (9) மேலும் கேட்க வேண்டிய விடை.

இறப்பைப் பற்றிய தொடர்கள் இன்னும் கவனத்தை வேண்டுவன. 'யாருக்கும் தொந்தரவு இல்லாம போய்ச் சேரணும்' என்று முதியோர் பலர் சொல்வது வழக்கு. இத்தொடரின் அழுத்தம் 'தொந்தரவு இல்லாம' என்னும் அடையில் உள்ளது. சாவின் விருப்பத்தில் அன்று, சாவின் முறையில். அடையை நீக்கி 'சாக விரும்புகிறார்' என்று பெயர்த்தால் பண்பாட்டு வாய்பாடு நோய்க்குறியாகும். 'இன்னும் எதுக்கு இருக்கேன்னு தெரியலை' என்பதில் அத்தகைய அடை இல்லை. அதனை வாய்பாடென்று ஒதுக்கினால் உண்மையான அபாயம் கவனிக்கப்படாமற் போகும். ஐயம் எழும்போதெல்லாம் மதிப்பெண் இடுவதை நிறுத்திவிட்டு, நேரே, தனிமையில், தெளிவாகக் கேட்பதும் மருத்துவரிடம் உடனே தெரிவிப்பதுமே முறை.

மற்றொன்றும் சுட்டத்தக்கது. காலப்போக்கில் விடையளிப்போரின் அகஅளவுகோலே மாறிவிடுவதை ஸ்பிராஞ்சர்ஸ், ஷ்வார்ட்ஸ் ஆகியோர் 1999இல் விரிவாக ஆராய்ந்தனர். 'என் வயசுக்கு இது போதும்' என்னும் தொடர் இம்மாற்றத்தின் தமிழ் வடிவம் எனலாம். அது மீட்சியாகவும் இருக்கலாம், கைவிடலாகவும் இருக்கலாம். அதற்குப் பின் வரும் ஒரு வாக்கியத்தைக் கேட்டு எழுதினாலன்றி வேறுபாடு புலப்படாது.

6. இரட்டை வழக்கும் பன்மொழிச் சூழலும்

தமிழ் வினாநிரல்கள் அச்சில் எழுத்து வழக்கில் உள்ளன. முதியோர் பலர்க்கு அவை வாய்மொழியாகவே வாசிக்கப்படுகின்றன. 'மனநிறைவு கொண்டுள்ளீர்களா?' என்று எவரும் ஒரு மூதாட்டியிடம் கேட்பதில்லை. பேட்டியாளர் அந்நொடியில் பேச்சு வழக்குக்கு மாற்றுகிறார். அஃதாவது இரண்டாவது மொழிபெயர்ப்பு ஒன்று எவர் பார்வைக்கும் உட்படாமல் நிகழ்கிறது. ஏற்புடைமை ஆய்வு அச்சிட்ட வடிவத்துக்கு; அளவு நிகழ்வதோ அச்சிடாத வடிவத்தில். பேட்டியாளர் மாறும்போது கருவியும் மாறுகிறது.

விளிச்சொல்லும் கருவியின் ஒரு பகுதியே. இளம் பேட்டியாளர் 'பாட்டி' என்று அழைத்தால் உரையாடல் பேத்தியின் நல உசாவலாக மாறிவிடுகிறது. பேத்தியிடம் துயரைச் சொல்லும் பாட்டி அரிது. 'உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்' என்பதே விடை. 'அம்மா' என்பது சற்றுத் தொலைவைக் காக்கிறது. வேலூர் மாவட்டக் கணியம்பாடி வட்டாரத்தில் 65 வயதுக்கு மேற்பட்ட 1,000 பேரிடம் நிகழ்ந்து 2009இல் வெளியான ஆய்வில், முந்தைய ஒரு மாதக் காலத்துக்குரிய மனச்சோர்வு 12.7 விழுக்காடாகக் காணப்பட்டது. மனம்விட்டுப் பேசத்தக்கவர்கள் மிகுதியாக இருந்தோர்க்கு இந்நோய் குறைவாக இருந்தது என்பது அதன் முடிபுகளுள் ஒன்று. யாரிடம் பேசலாம் என்பது நோயோடு தொடர்புடைய செய்தி எனின், பேட்டியாளர் யாராகத் தோன்றுகிறார் என்பது அளவோடு தொடர்புடைய செய்தியாகாமல் இராது.

புலம்பெயர்ந்த சூழலில் இச்சிக்கல் பன்மடங்காகிறது. கோர்படி இரயில்வேயையும் படைமுகாமையும் ஒட்டி வளர்ந்த பகுதி. தலைமுறைகளாக இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களில் முதியோர் வீட்டில் தமிழும், கடைத்தெருவில் மராத்தியும் இந்தியும் பேசுவர். பேரப்பிள்ளைகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மிகுதியாகப் பழகுவர். முதற்சந்திப்பில் பேத்தி மொழிபெயர்ப்பாள். மறுசந்திப்பில் பாட்டியே தமக்குத் தெரிந்த இந்தியில் விடை கூறுவார். மராத்தியின் 'பரே வாட்டதே' என்னும் தொடர், நலமாகத் தோன்றுகிறது என்று பொருள்பட்டு, தமிழைப் போலவே நான்காம் வேற்றுமை அனுபவிப்போரை ஏற்பது. நிலையைச் சொல்ல நெருக்கமான துணை. இந்தியின் 'டீக்' என்னும் சொல்லோ சரி, ஒழுங்கு, நலம் அனைத்தையும் ஒன்றாக்கிவிடுகிறது. தமிழில் ஐந்தாகப் பிரிந்து நின்ற (6) முதல் (10) வரையிலான விடைகள் அதில் ஒன்றாகக் கரைகின்றன. இவ்வாறு மொழி மாறிய இரு சந்திப்புகளின் மதிப்பெண்களைக் கழித்துப் பெறும் எண்ணை மீட்சி என்று கொள்வது பொருந்தாது.

இது சிறுபான்மைச் சிக்கல் என்று ஒதுக்கத்தக்கதன்று. 2017-18இல் நிகழ்ந்த இந்திய முதுமை நெடுங்கால ஆய்வின் முதற்கட்ட அறிக்கையின்படி, 60 வயதுக்கு மேற்பட்டோரில் வினாநிரல்வழி மனச்சோர்வு உடையோராகக் கணிக்கப்பட்டோர் 8.3 விழுக்காடு, நோய் கண்டறியப்பட்டதாகத் தாமே தெரிவித்தோர் 0.8 விழுக்காடு. ஏறத்தாழ பத்தில் ஒருவரே மருத்துவரின் சொல்லைப் பெற்றிருக்கின்றனர் எனலாம். அவ்வொருவரையேனும் சரியாக அளக்காவிடில் இழப்பு பெரிது.

7. பரிந்துரைகள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில் மொழிபெயர்ப்பாளரும் ஆய்வாளரும் கருதத்தக்கவை வருமாறு:

(அ) ஒவ்வொரு வினாவுக்கும் எழுத்து வடிவத்தோடு வாய்மொழி வடிவமும் அச்சிட்டு நிலைப்படுத்தப்பட வேண்டும். வட்டார வேறுபாடு இன்றியமையாததாயின் அவ்வடிவமும் எழுதப்பட வேண்டும்.

(ஆ) எதிர்மறை வினாக்களையும் வழக்கப்பொருள் வடிவங்களையும் தவிர்க்க வேண்டும்.

(இ) 'சில', 'பல' ஆகியவற்றுக்கு மாறாக, பதினான்கு நாளில் எத்தனை நாள் என்று கேட்டு, எண்ணைப் பேட்டியாளரே படியாக மாற்றலாம். சந்தை நாள், பண்டிகை, மகன் ஊருக்கு வந்த நாள் போன்றவற்றை எல்லையாகக் கொண்டால் முதியோர்க்கு நினைவு கூர்தல் எளிது.

(ஈ) இரு சந்திப்பிலும் மொழி, இயலுமாயின் பேட்டியாளர், உடனிருப்போர் ஆகிய மூன்றும் மாறாதிருக்க வேண்டும். மாறினால் அது தாளில் குறிக்கப்பட வேண்டும்.

(உ) மதிப்பெண்ணோடு விடையின் சொற்களையும் அப்படியே எழுத வேண்டும். 'தான்', 'ஏதோ', 'இப்போ' ஆகியவை விடப்படலாகா.

(ஊ) நிலை பற்றிய வினாக்களோடு செயல் பற்றிய வினாவும் வேண்டும். விட்டுவிட்ட எந்த வேலையை மீண்டும் தொடங்கினார்? கோயிலுக்குச் செல்கிறாரா, பக்கத்து வீட்டாரோடு பேசுகிறாரா, தாமே கேட்டுக் காப்பி குடிக்கிறாரா என்பன பணிவு மொழியால் எளிதில் மறைக்கப்படாதவை.

(எ) மருத்துவம் பெறாத, நிலை மாறாத முதியோர் சிலரிடம் ஒரு வார இடைவெளியில் இருவேறு பேட்டியாளரைக் கொண்டு கேட்டுப் பார்த்தால், சொற்களால் மட்டும் நிகழும் மாற்றத்தின் அளவு தெரியவரும். ஜேக்கப்சன், ட்ரூவாக்ஸ் ஆகியோர் 1991இல் முன்வைத்த நம்பகமான மாற்றக் குறியீட்டின் கருத்தும் இதுவே: கருவியின் அசைவைக் காட்டிலும் மிகுந்த அசைவையே நோயாளரின் மாற்றமாகக் கொள்ளலாம்.

8. முடிவுரை

மருத்துவத் துறையினர் தமிழாக்கத்தைப் பணியின் தொடக்கத்தில் ஒருமுறை முடித்துவைக்கும் செயலாகக் கருதுகின்றனர். மொழியியலாரும் மீள்பெயர்ப்புக்குச் சான்று வழங்குவதோடு நின்றுவிடுகின்றனர். மீட்சியை அளக்கும் இடத்தில் மொழிபெயர்ப்பு ஒவ்வொரு சந்திப்பிலும் புதிதாக நிகழ்கிறது. வினாவின் வினைவடிவம், அளவுச்சொல், வேற்றுமை, விளி, விடையின் இடைச்சொல் ஆகியன ஒவ்வொன்றும் மதிப்பெண்ணை அசைக்க வல்லவை. அவ்வசைவு சில வேளைகளில் தேறியவரை நோயாளராக்கும். பல வேளைகளில் தேறாதவரைத் தேறியவராக்கி, அவர்க்குரிய மருத்துவத்தை நிறுத்திவிடும்.

கோர்படி மூதாட்டியின் தாளில் இரண்டாம் முறை சுழியம் இடப்படவில்லை. வினாக்கள் அவையே. மருமகள் வெளியே அமர்ந்திருந்தார்; 'தான்' என்பதற்குப் பின் சற்றுப் பொறுத்திருந்து, 'தானா? அப்புறம்?' என்று கேட்கப்பட்டது. அவர் நெடுநேரம் பேசினார்.